பழைய பாட்டு யாருக்குச் சொந்தம்?

ஒரு பாட்டு நமக்குப் பிடித்துவிட்டது. உடனே என்ன செய்கிறோம்? பக்கத்தில் இருப்பவரைக் கூப்பிட்டு, "இதைக் கொஞ்சம் கேளுங்கள்" என்கிறோம்.

தின்பண்டத்தை ஒளித்து வைத்துத் தின்பவர்கள் உண்டு. பணத்தை ஒளித்து வைப்பவர்களும் உண்டு. ஆனால் நல்ல பாட்டை ஒளித்து வைத்துக் கேட்பவரைக் காண்பது அரிது. பாட்டு அப்படிப்பட்ட பொருள். பங்கு போட்டால் குறையாது, பெருகும்.

இன்று இந்தப் பழக்கம் மிகவும் வளர்ந்துவிட்டது. மதுரையில் இருக்கும் அத்தை செல்போனில் ஒரு பாட்டை அனுப்புகிறார். மறு நிமிஷம் அது துபாயில் இருக்கும் மருமகன் காதில் ஒலிக்கிறது. பேரன் பாடிய பாட்டைத் தாத்தா கேட்கிறார். தாத்தா காலத்துப் பாட்டைப் பேரன் புதிதாகப் பாடி வெளியிடுகிறான்.

அதே சமயம், பாட்டுச் சண்டையும் வளர்ந்துவிட்டது. பழைய பாட்டைப் புதுப் படத்தில் சேர்த்ததற்காக வக்கீல் நோட்டீசு போகிறது. வழக்கு ஐகோர்ட்டுக்கு வருகிறது. குடும்பத்தார் தங்கள் வீட்டுக் கல்யாண வீடியோவை யூடியூபில் போட்டால், பாட்டு வரும் இடத்தில் சத்தம் நின்று போகிறது.

பாட்டு எழுதியவருக்குச் சொந்தமா? மெட்டுப் போட்டவருக்கா? பாடியவருக்கா? பணம் போட்ட பட அதிபருக்கா? இசைத்தட்டுக் கம்பெனிக்கா? அல்லது கேட்டு மகிழும் நமக்கா?

இந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்துகொள்வது ஒவ்வொரு குடும்பத்துக்கும் அவசியம்.

தபால் அட்டையில் வந்த விருப்பம்

பாட்டைப் பகிர்ந்துகொள்வது செல்போன் கண்டுபிடித்த புது வழக்கம் அல்ல.

1952-ம் ஆண்டில் மத்திய மந்திரியாக இருந்த பி.வி.கேஸ்கருக்கு சினிமா பாட்டு பிடிக்காது. அகில இந்திய ரேடியோவில் சினிமா பாட்டு குறைந்துகொண்டே போய், பிறகு இல்லாமலே போயிற்று. மக்கள் என்ன செய்தார்கள்? ரேடியோவின் முள்ளைத் திருப்பினார்கள். இலங்கை வானொலியைக் கேட்கத் தொடங்கினார்கள்.

இரண்டாவது உலக யுத்தத்தின்போது நேச நாட்டுப் படைகளுக்காக அமைத்த சிற்றலை நிலையம் கொழும்பில் இருந்தது. அதன் சத்தம் இந்தியா முழுவதும் தெளிவாகக் கேட்டது. மயில்வாகனன், பின்னாளில் கே.எஸ்.ராஜா, பி.எச்.அப்துல் ஹமீது ஆகியோரின் குரல் தமிழ்நாட்டு வீடுகளில் சொந்தக்காரர் குரல் போல ஆகிவிட்டது.

நேயர்கள் தபால் அட்டை எழுதினார்கள். அப்பா, அம்மா, அக்கா, தம்பி என்று எல்லோர் பெயரையும் எழுதி, ஒரு பாட்டைக் கேட்டார்கள். அறிவிப்பாளர் அந்தப் பெயர்களை வாசித்தார். பிறகு படத்தின் பெயரையும் பாடியவர் பெயரையும் சொன்னார். அதற்குப் பின்னர்தான் பாட்டு வந்தது.

நம் நாட்டு ரேடியோவும் நிலைமையை உணர்ந்துகொண்டது. 1957 அக்டோபர் 3-ந்தேதி விவித் பாரதி தொடங்கியது. சினிமா பாட்டு திரும்பி வந்தது.

1980-க்குப் பிறகு கேசட் வந்தது. கடைக்காரரிடம் பாட்டுப் பட்டியல் எழுதிக் கொடுத்தால், 60 நிமிஷ கேசட்டிலோ 90 நிமிஷ கேசட்டிலோ பதிந்து கொடுத்தார். அந்தக் கேசட் நண்பர்களுக்கும் உறவினருக்கும் கைமாறியது.

ஆகவே, ஆசை பழையது. கருவி மட்டுமே புதியது. ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. ரேடியோ பெயர் சொல்லிப் பாட்டைக் கொடுத்தது. செல்போனில் வரும் பாட்டு பெரும்பாலும் பெயர் இல்லாமல் வருகிறது. எழுதியவர் யார், இசை அமைத்தவர் யார் என்று கேட்டால் அனுப்பியவருக்கும் தெரிவதில்லை.

மூன்று வழியில் திரும்பி வரும் பாட்டு

பழைய பாட்டு இன்று மூன்று வழிகளில் நம்மிடம் திரும்பி வருகிறது.

முதல் வழி, மறு வெளியீடு. பழைய ஒலிப்பதிவையே துடைத்துச் சுத்தம் செய்து திரும்ப விற்பது. முன்பு நாய்ப் படம் போட்ட எச்.எம்.வி. தட்டுகளை விற்ற கம்பெனிதான் இன்று சரிகம என்ற பெயரில் நடக்கிறது. அது 2017-ம் ஆண்டில் 'கார்வான்' என்ற பெட்டியை வெளியிட்டது. பார்க்கப் பழைய ரேடியோ மாதிரி இருக்கும். உள்ளே 5 ஆயிரம் இந்திப் பாட்டுகள். பிறகு தமிழ்ப் பாட்டுப் பெட்டியும் வந்தது. செல்போனை இயக்கத் தெரியாத பெரியவர்களுக்கு, பிள்ளைகள் வாங்கிக் கொடுத்தார்கள்.

மறைந்துவிட்டது என்று எல்லோரும் நினைத்த இசைத்தட்டும் எழுந்து வந்துவிட்டது. அமெரிக்காவில் 2022-ம் ஆண்டில் 4 கோடியே 10 லட்சம் இசைத்தட்டுகள் விற்றன. சி.டி. விற்றது 3 கோடியே 30 லட்சம்தான். 1987-க்குப் பிறகு எண்ணிக்கையில் இசைத்தட்டு சி.டி.யை முந்தியது அதுவே முதல் தடவை.

இரண்டாவது வழி, அதே பாட்டை இன்னொருவர் பாடுவது. இதை 'கவர்' என்கிறார்கள். பாட்டு மாறாது, குரலும் வாத்தியமும் மாறும். டெலிவிஷன் பாட்டுப் போட்டிகளிலும், ஊர்த் திருவிழா மெல்லிசைக் கச்சேரிகளிலும் நாம் கேட்பது இந்த வகைதான்.

மூன்றாவது வழி, ரீமிக்ஸ். பழைய பாட்டுக்குப் புதுத் தாளம் போட்டு, புதுச் சத்தம் சேர்த்து, வேறு கோலத்தில் கொடுப்பது. 1964-ல் வந்த 'படகோட்டி' படத்தின் பாட்டு ஒன்றை ஏ.ஆர்.ரகுமான் 2004-ல் 'நியூ' படத்தில் புதுக்கோலத்தில் கொடுத்தார். 1970-ல் வந்த 'சொர்க்கம்' படத்துப் பாட்டு, 2007-ல் 'அழகிய தமிழ் மகன்' படத்தில் வந்தது. 1980-ல் வந்த 'பில்லா'வின் பாட்டு, 2007-ல் வந்த புதிய 'பில்லா'விலும் ஒலித்தது.

இதனால் நன்மை உண்டா? உண்டு. பழைய பாட்டைக் கேட்டே இராத பிள்ளைகள், "இதன் முதல் பாட்டு எது?" என்று தேடிப் போகிறார்கள். தீமை உண்டா? அதுவும் உண்டு. புதுப் பாட்டின் இரைச்சலில் பழைய கவிஞர் பெயர் மறைந்து போகிறது.

கோர்ட்டுக்கு வந்த பாட்டு

2017 மார்ச் மாதம், பாடகர் எஸ்.பி.பாலசுப்பிரமணியம் அமெரிக்காவில் கச்சேரி நடத்திக்கொண்டிருந்தார். அப்போது இசை அமைப்பாளர் இளையராஜா தரப்பில் இருந்து அவருக்கு வக்கீல் நோட்டீசு வந்தது. அனுமதி இல்லாமல் தன் பாட்டுகளை மேடையில் பாடக்கூடாது என்பது அதன் சாரம். அந்தச் சுற்றுப்பயணத்தில் இளையராஜா பாட்டுகளைப் பாடுவதில்லை என்று பாலசுப்பிரமணியம் அறிவித்தார்.

ரசிகர்கள் இரண்டாகப் பிரிந்து வாதாடினார்கள். "பாடிய குரலுக்குப் பாட உரிமை இல்லையா?" என்று ஒரு சாரார் கேட்டனர். "படைத்தவனுக்குப் பங்கு வேண்டாமா?" என்று மற்றொரு சாரார் கேட்டனர். 2019-ல் இருவரும் சமரசம் ஆகி ஒரே மேடையில் தோன்றினார்கள். மறு ஆண்டு, 2020 செப்டம்பர் 25-ந்தேதி பாலசுப்பிரமணியம் காலமானார்.

2024-ல் 'மஞ்சும்மல் பாய்ஸ்' என்ற மலையாளப் படம் தமிழ்நாட்டிலும் வெற்றிகரமாக ஓடியது. அதில் 1991-ல் வந்த 'குணா' படத்தின் பாட்டு முக்கியமான கட்டத்தில் வருகிறது. அதற்கும் இளையராஜா நோட்டீசு அனுப்பினார். 2025-ல் வந்த 'குட் பேட் அக்லி' படத்தில் அவருடைய 3 பழைய பாட்டுகள் வந்தன. அந்த விவகாரம் சென்னை ஐகோர்ட்டுக்குப் போயிற்று. 2025 செப்டம்பரில், பாட்டுகளைப் பயன்படுத்தக்கூடாது என்று இடைக்காலத் தடை பிறந்தது.

பட அதிபர்கள் தரப்பு வழக்கமாக என்ன சொல்கிறது? "இசைத்தட்டுக் கம்பெனியிடம் பணம் கட்டி அனுமதி வாங்கினோம்" என்கிறது. இசை அமைப்பாளர் தரப்பு, "கம்பெனியிடம் வாங்கினால் போதாது, படைத்தவனிடம் வாங்க வேண்டும்" என்கிறது.

இரண்டு பேரும் உரிமை பேசுகிறார்கள். அது எப்படி? ஒரே பாட்டுக்கு இரண்டு சொந்தக்காரர்களா?

ஆம். அங்கேதான் விஷயம் இருக்கிறது.

செய்முறை வேறு, பலகாரம் வேறு

பாட்டியிடம் அதிரசம் செய்யும் முறை இருக்கிறது. அந்த முறைப்படி ஒருவர் அதிரசம் சுட்டு, டப்பாவில் அடைத்து விற்கிறார். செய்முறை பாட்டியுடையது. டப்பாவில் இருக்கும் அதிரசம் சுட்டு விற்றவருடையது.

பாட்டும் அதேபோலத்தான். கவிஞரின் வார்த்தையும் இசை அமைப்பாளரின் மெட்டும் செய்முறை. ஸ்டுடியோவில் வாத்தியத்தோடு பாடிப் பதிந்த ஒலிப்பதிவு, பலகாரம். இரண்டுக்கும் சட்டத்தில் தனித்தனி உரிமை.

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957-ம் ஆண்டுச் சட்டம். அதன்படி, ஒலிப்பதிவுக்கு உரிமை 60 ஆண்டு. வெளியான ஆண்டுக்கு அடுத்த ஜனவரியில் கணக்கு தொடங்கும். வார்த்தைக்கும் மெட்டுக்கும் கணக்கு வேறு. படைத்தவர் இறந்த பிறகு 60 ஆண்டு வரை உரிமை உண்டு.

சில உதாரணங்களைப் பார்ப்போம்.

1944-ல் வந்த தியாகராஜ பாகவதரின் 'ஹரிதாஸ்' மூன்று தீபாவளி கண்ட படம். அதன் ஒலிப்பதிவு உரிமை எப்போதோ முடிந்துவிட்டது. ஆனால் பாட்டுகளை எழுதிய பாபநாசம் சிவன் 1973-ல் காலமானார். ஆகவே வார்த்தைகளின் உரிமை 2033 முடியும் வரை இருக்கும்.

1959-ல் வந்த 'கல்யாண பரிசு' படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பாட்டுகளை எழுதிய பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் அதே 1959-ல் இளவயதில் காலமானார். அவர் வார்த்தைகள் இன்று எல்லோருக்கும் பொது. ஆனால் இசை அமைத்த ஏ.எம்.ராஜா காலமானது 1989-ல். மெட்டின் உரிமை 2049 முடியும் வரை இருக்கிறது.

'படகோட்டி', 'கர்ணன்', 'காதலிக்க நேரமில்லை' எல்லாம் 1964-ல் வந்தவை. அந்த ஆண்டே வெளியான இசைத்தட்டுகளின் பதிவு உரிமை 2024 டிசம்பருடன் முடிந்தது. அதற்காகப் பாட்டே இலவசம் என்று எண்ணிவிடக் கூடாது. 'படகோட்டி'க்குப் பாட்டு எழுதிய வாலி 2013-லும், கண்ணதாசன் 1981-லும், எம்.எஸ்.விஸ்வநாதன் 2015-லும் காலமானவர்கள். அவர்கள் படைப்புக்கு இன்னும் பல ஆண்டுகள் உரிமை இருக்கிறது.

இன்னொருவர் பாடலாமா?

பாடலாம். அதற்கும் சட்டம் வழி வைத்திருக்கிறது.

ஒரு பாட்டின் முதல் ஒலிப்பதிவு வந்த ஆண்டு முடிந்து, மேலும் 5 ஆண்டு ஆக வேண்டும். அதன் பிறகு வேறு ஒருவர் அதைப் பாடிப் பதிந்து வெளியிடலாம். முன்கூட்டியே உரிமையாளருக்குத் தகவல் கொடுக்க வேண்டும். ஆண்டுக்குக் குறைந்தது 50 ஆயிரம் பிரதிக்கு உரிய ராயல்டியை முன்பணமாகக் கட்ட வேண்டும். வார்த்தையையும் மெட்டையும் இஷ்டம் போல மாற்றக்கூடாது. பழைய பாடகரின் பெயரையோ படத்தையோ அட்டையில் போட்டு வாங்குகிறவரை ஏமாற்றக்கூடாது. "இது இன்னொருவர் பாடியது" என்று தெளிவாக அச்சிட வேண்டும். 2012-ல் சட்டத்தைத் திருத்தியபோது வந்த விதிகள் இவை.

இப்படி முறையாக நடந்தால் என்ன நன்மை? அமெரிக்காவில் நடந்ததைக் கேளுங்கள்.

டிரேசி சாப்மன் என்ற கறுப்பினப் பெண்மணி 1988-ல் ஒரு பாட்டு எழுதி, தானே பாடினார். வறுமையில் இருந்து தப்பிக்க ஏங்கும் ஒரு பெண்ணின் கதை அது. 35 ஆண்டு கழித்து, 2023-ல் லூக் கோம்ப்ஸ் என்ற கிராமியப் பாடகர் அதை அப்படியே பாடி வெளியிட்டார். நாடு முழுவதும் அது ஒலித்தது. எழுதியவர் சாப்மன் ஆகையால், அவருக்குரிய பங்கு அவருக்குப் போயிற்று. அந்த ஆண்டில் கிராமிய இசைச் சங்கம் சிறந்த பாட்டுக்கான பரிசை அவருக்குக் கொடுத்தது. அந்தப் பரிசைப் பெற்ற முதல் கறுப்பினப் படைப்பாளி அவர்தான். 2024-ல் கிராமி பரிசு விழா மேடையில் இருவரும் சேர்ந்து அதைப் பாடினார்கள்.

இரண்டாவதாகப் பாடியவர் வாழ்ந்தார். முதலில் எழுதியவரும் வாழ்ந்தார். சண்டை இல்லை.

கவிஞர் வீட்டுக்கு என்ன வந்தது?

நம் நாட்டில் அப்படி நடக்கவில்லையே, ஏன்?

அந்தக் காலத்தில் பட அதிபர் ஒரு தொகை கொடுத்தார். கவிஞர் எழுதிக் கொடுத்தார். இசை அமைப்பாளர் மெட்டுப் போட்டார். அத்துடன் கணக்குத் தீர்ந்தது. 1977-ல் சுப்ரீம் கோர்ட்டும் ஒரு தீர்ப்பில், பணம் கொடுத்துச் செய்யச் சொன்ன பட அதிபரே அந்தப் பாட்டுக்கு முதல் சொந்தக்காரர் என்று கூறியது.

அதே வழக்கில் நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யர், பாடகர்களின் நிலைமையைச் சுட்டிக் காட்டித் தனியாக ஒரு குறிப்பு எழுதினார். பாடகருக்குச் சட்டத்தில் அப்போது எந்த உரிமையும் இல்லை. 1994-ல்தான் பாடகர் உரிமை சட்டத்தில் ஏறியது.

பாட்டு ஆயிரம் தடவை ஒலித்தாலும், எழுதியவர் வீட்டு அடுப்பு அதனால் எரியவில்லை. ராஜ்யசபை உறுப்பினராக இருந்த இந்திக் கவிஞர் ஜாவேத் அக்தர் இதற்காகப் போராடினார். 2012 திருத்தம் வந்தது. சினிமா கொட்டகையில் படத்துடன் ஓடுவது தவிர, மற்ற எந்த வழியில் பாட்டு சம்பாதித்தாலும், கவிஞருக்கும் இசை அமைப்பாளருக்கும் சரிபங்கு ராயல்டி உண்டு. அந்த உரிமையை எழுதி வாங்கிவிடவும் முடியாது.

இது நல்ல சட்டம். ஆனால் பழைய பாட்டுகள் எல்லாம் 2012-க்கு முன் எழுதிய ஒப்பந்தங்களில் கிடக்கின்றன. கம்பெனி கைமாறியது. பட அதிபர் காலமானார். காகிதம் எங்கே என்றே தெரியவில்லை. இப்போதைய வழக்குகளின் வேர் அந்தக் காகிதங்களில்தான் இருக்கிறது.

இதற்கு வழி என்ன? எந்தப் பாட்டு யார் கையில் இருக்கிறது என்று எல்லோரும் பார்க்கும்படி ஒரு பதிவேடு வேண்டும். படம் வந்த பிறகு நோட்டீசு, தடை என்று ஓடுவதை விட, படம் எடுக்கும்போதே கம்பெனியையும் படைத்தவரையும் கேட்டுவிடுவது நல்லது. இன்னொருவர் பாடுவதற்கு விதியும் ராயல்டியும் வகுத்திருப்பது போல, பழைய பாட்டைப் படத்தில் சேர்ப்பதற்கும் ஒரு நியாயமான முறை வகுக்கலாம்.

விட்டுக் கொடுத்தவர்களும் உண்டு

பாரதியார் பாட்டை இன்று குழந்தைகள் பள்ளிக்கூடத்தில் பாடுகிறார்கள். யாரும் தடுப்பதில்லை. ஆனால் ஒரு காலத்தில் அப்படி இல்லை. சினிமாவிலும் இசைத்தட்டிலும் பாரதியார் பாட்டைப் பயன்படுத்தும் உரிமை ஏ.வி.மெய்யப்ப செட்டியாரிடம் இருந்தது. அவர் அதை விலை கொடுத்து வாங்கியிருந்தார்.

பாரதியார் பாட்டு நாட்டுக்குப் பொதுவாக வேண்டும் என்று அறிஞர்களும் எழுத்தாளர்களும் கிளர்ச்சி செய்தார்கள். 1949-ல் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் ஆட்சியில் சென்னை சர்க்கார் உரிமையை ஏற்றது. மெய்யப்ப செட்டியார் பணம் பெறாமல் கொடுத்தார்.

பாட்டு ஊருக்குப் பொதுவாக வேண்டும் என்பதும் நியாயம். படைத்தவன் குடும்பம் பட்டினி கிடக்கக்கூடாது என்பதும் நியாயம். இரண்டையும் சேர்த்துப் பார்ப்பதே நாட்டுக்கு அழகு.

குடும்பத்தார் கவனிக்க

வீட்டில் பாடலாமா? தாராளமாகப் பாடலாம். கேட்கலாம். சொந்த உபயோகத்துக்குச் சட்டம் குறுக்கே நிற்பதில்லை.

கல்யாணத்தில் பாட்டுப் போடலாமா? போடலாம். கல்யாண ஊர்வலமும், கல்யாணத்தை ஒட்டிய விழாவும் சட்டத்தில் விலக்குப் பெற்றவை. 2023 ஜூலையில் மத்திய சர்க்கார் இதை அறிக்கை விட்டு உறுதி செய்தது. கல்யாண வீட்டாரிடம் இதற்காகப் பணம் கேட்கக்கூடாது.

அந்த வீடியோவை யூடியூபில் போட்டால்? அது வேறு விஷயம். உலகமே பார்க்கும் இடம் அது. பாட்டை அடையாளம் கண்டுபிடிக்கும் எந்திர ஏற்பாடு அங்கே இருக்கிறது. உரிமையாளர் விரும்பினால் சத்தத்தை நிறுத்தலாம்; அல்லது விளம்பர வருமானத்தைத் தாமே எடுத்துக்கொள்ளலாம்.

பிள்ளை பழைய பாட்டைப் பாடி வெளியிட்டுப் பணம் சம்பாதிக்க நினைத்தால்? முதலில் அனுமதி. பிறகு வெளியீடு.

இனி ஒரு முக்கிய விஷயம். வீட்டுப் பரணில் பழைய 78 சுற்று இசைத்தட்டு இருக்கிறதா? தூக்கி எறிந்துவிடாதீர்கள். அது அரக்கில் செய்தது. கீழே விழுந்தால் உடைந்துவிடும். ஒரு பக்கத்தில் சுமார் 3 நிமிஷப் பாட்டுதான் இருக்கும். ஆனால் கம்பெனியிடமே மூலப் பதிவு இல்லாத பாட்டு உங்கள் பரணில் இருக்கக்கூடும். வெயில் படாத இடத்தில், ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்காமல், நிமிர்த்தி வையுங்கள்.

கொட்டகையில் விற்ற பாட்டுப் புத்தகம் இருந்தால் அதையும் காப்பாற்றுங்கள். கவிஞர் பெயரும் இசை அமைப்பாளர் பெயரும் அதில் அச்சாகி இருக்கும். சென்னையில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இப்படிப்பட்ட பழைய அச்சுச் செல்வங்களைப் பாதுகாத்து வருகிறது. கோட்டையூரில் ஒரு தனி மனிதர் ஆசையோடு சேர்த்து வைத்த குவியலே அதற்கு அஸ்திவாரம்.

கடைசியாக ஒன்று. அடுத்த தடவை செல்போனில் ஒரு பாட்டை அனுப்பும்போது, கூடவே நாலு வார்த்தை எழுதுங்கள். என்ன படம், எந்த ஆண்டு, எழுதியவர் யார், இசை யார், பாடியவர் யார். ஒரு நிமிஷ வேலைதான். காசு செலவு இல்லை. எழுத்துக் கூட்டிப் படிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால், அதையே எழுதச் சொல்லுங்கள்.

பணம் போய்ச் சேர சட்டம் வேண்டும், கோர்ட்டு வேண்டும். பெயர் போய்ச் சேர நம் கை போதும்.